அமெரிக்க எல்லைப்புறச் சிறுகதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கச் சிறுகதை என்றதும் நம்மில் பலருக்கு எட்கர் ஆலன் போவும் ஓ. ஹென்றியும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில், தங்கச் சுரங்க முகாம்களையும் புல்வெளிப் பண்ணைகளையும் ரயில் நின்று போகும் சின்ன ஊர்களையும் வைத்து ஏராளமான கதைகள் எழுதப்பட்டன. எனக்கு மிகப் பிடித்த சில கதைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கதைகளின் முடிவையும் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நேராகக் கடைசிக் கேள்விக்குப் போய்விடுங்கள். கதைகளைப் படித்தபின் திரும்பி வரலாம்.

‘எல்லைப்புறம்’ என்றால் எந்த இடம்?

ஒரே இடம் இல்லை. இரண்டு நாடுகளுக்கு நடுவே உள்ள எல்லையும் இல்லை. வெள்ளையர் குடியேற்றம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்துகொண்டே போனதே, அதன் முன்விளிம்புக்குத்தான் அந்தப் பெயர். 1830களில் அது மிச்சிகன் காடு. 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில், ஒரு மர அறுவை ஆலைக்கு வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அதன்பின் உலகமே அங்கே ஓடியது. எல்லைப்புறம் ஒரே தாவலில் பசிபிக் கரைக்குப் போய்விட்டது. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து வருஷம் தங்கி உழுகிறவருக்கு 160 ஏக்கர் என்று அறிவித்தது. கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டாப் புல்வெளிகள் உழவுக்கு வந்தன.

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு, எல்லைப்புறக் கோடு என்று ஒன்றை இனி வரைய முடியாது என்று அரசே சொல்லிவிட்டது. 1893இல் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர் சிகாகோவில் படித்த கட்டுரை, அமெரிக்கரின் குணத்தையே அந்த எல்லைப்புறம்தான் உருவாக்கியது என்று வாதிட்டது. ஆனால் ‘வெற்று நிலம்’ என்று சொல்லப்பட்ட இடங்களில் எல்லாம் ஏற்கனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

யதார்த்தவாதம், வட்டார எழுத்து இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல. வட்டார எழுத்து ஓர் ஊரின் பேச்சு, தொழில், வானிலை, பழக்கம் ஆகியவற்றைக் கதையின் நடுவில் வைக்கிறது. நாம் மண்வாசனை என்கிறோமே, அதுதான். யதார்த்தவாதம் இன்னும் ஒரு படி கேட்கிறது: இந்த மனிதர் இந்த நிலைமையில் உண்மையாகவே இப்படித்தான் நடந்துகொள்வாரா? அவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்? மண்வாசனை நிரம்பிய கதை பொய்யாகவும் இருக்கலாம். எல்லைப்புறக் கதைகளில் இது நிறையவே நடந்தது.

என் அனுபவத்தில், இந்தக் கதைகளைப் படிக்கும்போது கதைத்திருப்பத்தைவிட அதில் வரும் பொருள்களைக் கவனிப்பது நல்லது. எழுத்தாளர் கண்ணால் பார்த்ததா, காதில் விழுந்ததா, கற்பனையா என்பதை ஒரு சட்டையோ ஒரு கருவியோ காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த எழுத்து ஏன் அந்தக் காலத்தில் பெருகியது?

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. 1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு ரயில்பாதைகள் சந்தித்து, கண்டத்தின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கியது. பாஸ்டன், நியூயார்க் பத்திரிகைகளுக்குத் தொலைதூர ஊர்களின் கதை வேண்டியிருந்தது, பணமும் கொடுத்தார்கள். ஆகவே இந்தக் கதைகளில் பெரும்பாலானவை மேற்கில் நடந்தாலும் கிழக்கில் இருந்தவர்கள் படிப்பதற்காக எழுதப்பட்டவை. யாருடைய வாழ்க்கை, யாருடைய வாசிப்பு என்ற இந்த இடைவெளி ஒவ்வொரு கதையிலும் ஏதாவது ஓர் இடத்தில் தலைகாட்டும்.

ப்ரெட் ஹார்ட்டை யதார்த்தவாதி என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். அவர் எழுதிய ‘தி லக் ஆஃப் ரோரிங் கேம்ப்’ கதையை எடுத்துக்கொள்வோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1868 ஜூலையில் தொடங்கிய ‘ஓவர்லேண்ட் மன்த்லி’ பத்திரிகைக்கு ஹார்ட்தான் ஆசிரியர். இரண்டாவது இதழிலேயே இந்தக் கதை வந்தது. நூறு ஆண்கள் இருக்கும் சுரங்க முகாம். அங்கிருக்கும் ஒரே பெண், செரோக்கி சால் என்ற பாலியல் தொழிலாளி, ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். முரடர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் குழந்தையைக் கழுதைப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். அச்சுப்பிழை பார்த்த பெண்ணே இந்தக் கதை அநாகரிகம் என்று எதிர்த்தார். கதை வராவிட்டால் நான் விலகுகிறேன் என்று ஹார்ட் பிடிவாதம் பிடித்த பிறகுதான் அச்சானது. கிழக்கில் பெரிய வரவேற்பு. 1871இல் ‘அட்லாண்டிக்’ பத்திரிகை ஒரு வருஷப் படைப்புகளுக்கு 10,000 டாலர் தர ஒப்பந்தம் போட்டது.

கதையில் எனக்குப் பிடித்த இடம், குழந்தையைப் பார்க்க வரிசையில் வருகிறவர்கள் தொப்பியில் போட்டுவிட்டுப் போகும் அன்பளிப்புகள். வெள்ளிப் புகையிலைப் பெட்டி, வெள்ளி பதித்த கைத்துப்பாக்கி, தங்கக் கட்டி, ஒரு பெண்ணின் பூவேலைக் கைக்குட்டை, அறுவைக் கத்தரிக்கோல், இங்கிலாந்து வங்கியின் 5 பவுண்டு நோட்டு, ஒரு வெள்ளி ஸ்பூன். அந்த ஸ்பூனில் பொறித்திருக்கும் எழுத்துகள் கொடுத்தவனின் பெயருக்குரியவை அல்ல என்று ஹார்ட் வருத்தத்தோடு சேர்க்கிறார். ஒரு பைபிளும் இருக்கிறது. போட்டது யார் என்று தெரியவில்லை. முகாமில் யார் யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், என்ன திருடினார்கள், எதை மறைத்தார்கள் என்பதெல்லாம் ஒரு தொப்பிக்குள் வந்துவிட்டது. இது நல்ல யதார்த்த எழுத்து.

ஆனால் அதற்குப் பிறகு? குழந்தை வந்ததும் முரடர்கள் குளிக்கிறார்கள், கெட்ட வார்த்தையை விடுகிறார்கள், மலர் பறித்து வருகிறார்கள். 1851 வெள்ளத்தில் குழந்தையும், அதைக் கையில் பிடித்தபடி கென்டக் என்ற முரடனும் இறந்துபோகிறார்கள். கண் கலங்கத்தான் செய்கிறது; ஆனால் ஹார்ட் நம்மைக் கலங்கவைக்க முடிவுசெய்து எழுதியது அது. தங்கம் கண்டெடுக்கப்பட்டபோது அவர் நியூயார்க் மாநிலத்தில் 11 வயதுச் சிறுவன். அந்த முகாம்களின் உச்சகாலத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர் எழுதியதைப் படிக்க வேண்டும் என்றால் லூயிஸ் கிளாப்பின் கடிதங்கள் இருக்கின்றன. ஒரு டாக்டரின் மனைவியாக ஃபெதர் ஆற்றங்கரை முகாமில் இருந்துகொண்டு 1851, 52இல் தன் தங்கைக்கு எழுதிய 23 கடிதங்கள் அவை.

‘போக்கர் ஃப்ளாட்’ கதையும் அப்படித்தானா?

‘தி அவுட்காஸ்ட்ஸ் ஆஃப் போக்கர் ஃப்ளாட்’ 1869 ஜனவரியில் வந்தது. ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று ஒரு சூதாடியையும் இரண்டு பெண்களையும் ஒரு திருடனையும் விரட்டுகிறார்கள்; அவர்கள் மலையில் பனியில் சிக்குகிறார்கள். மதர் ஷிப்டன் என்ற பெண் தன் பங்கு உணவைச் சாப்பிடாமல் சேர்த்துவைத்து, கூடச் சிக்கிய ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சாகிறாள். ரோரிங் கேம்ப்பைவிட இது கெட்டியான கதை என்பது என் கருத்து. காரணம் கடைசி வரி. கடைசி வரை பதறாமல் எல்லாருக்கும் தைரியம் சொன்ன சூதாடி ஓக்கர்ஸ்ட், தானே சுட்டுக்கொண்டு கிடக்கிறான். அந்தக் கூட்டத்திலேயே மிகத் திடமானவனும் மிகப் பலவீனமானவனும் அவன்தான் என்கிறார் ஹார்ட். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் தன் கதாநாயகனைப் புகழாமல் பார்க்கிறார்.

மார்க் ட்வெய்னின் தவளைக் கதை வெறும் வேடிக்கைதானே?

வேடிக்கைதான், ஆனால் அது சொல்லப்படும் விதத்தைப் பாருங்கள். ட்வெய்ன் 1865 தொடக்கத்தில் கலிபோர்னியாவின் ஏஞ்சல்ஸ் கேம்ப்பில் இந்தக் கதையைக் கேட்டார். அதே வருஷம் நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் ‘சாட்டர்டே பிரஸ்’ இதழில் வந்தது. ஜிம் ஸ்மைலி எதற்கும் பந்தயம் கட்டுவான். அவனிடம் தாண்டப் பழக்கிய தவளை ஒன்று. புதிதாக வந்தவன் ஒருவன், ஸ்மைலி அந்தப் பக்கம் போன நேரத்தில், அந்தத் தவளையின் வாயைத் திறந்து காடைச் சுடும் ஈயக்குண்டுகளைக் கொட்டிவிட்டு 40 டாலரை ஜெயித்துக்கொண்டு போய்விடுகிறான். கதை அவ்வளவுதான்.

இதைச் சொல்கிறவர் சைமன் வீலர் என்ற கிழவர். படித்த, நாகரிகமான ஓர் ஆள் வேறு யாரையோ பற்றி விசாரிக்க வருகிறார். வீலர் அவரை ஒரு மூலையில் தள்ளி, நாற்காலியைப் போட்டு வழியை மறித்து உட்கார்ந்துகொண்டு பேசத் தொடங்குகிறார். சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, குரல் ஏறி இறங்கவில்லை. படித்தவரின் மொழி முதல் பக்கத்திலும் கடைசியிலும் மட்டும். நடுவில் முழுக்கக் கிழவரின் பேச்சு. அதுவரை வந்த நகைச்சுவைக் கதைகள் பலவற்றில் பாமரரின் பேச்சு, படித்தவர் சிரிப்பதற்காக வைக்கப்பட்டது. இங்கே படித்தவர்தான் மூலையில் மாட்டிக்கொண்டு விழிக்கிறார். வட்டார வழக்கு கதையின் சொந்தக்காரனாக ஆவது இந்த நாற்காலியில்தான் என்று எனக்குத் தோன்றும்.

வட்டார வழக்கை மொழிபெயர்த்தால் கதை தாங்குமா?

ட்வெய்னே இதைச் சோதித்துப் பார்த்தார். தவளைக் கதை 1872இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாக வந்தது. அவர் அந்தப் பிரெஞ்சை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தையும் சேர்த்து 1875இல் வெளியிட்டார். கதை அப்படியே இருக்கிறது. வீலர் காணாமல் போய்விட்டார். ஆகவே ஆங்கிலம் ஓரளவு படிக்க முடிகிறவர்கள் இந்த ஒரு கதையையாவது மூலத்தில் படித்துவிடுங்கள். எழுத்துக்கூட்டல் பயமுறுத்தும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

ஹாம்லின் கார்லண்ட் யார்? அவரிடம் என்ன விசேஷம்?

அவர் வயலில் வேலை செய்தவர். 1860இல் விஸ்கான்சினில் பிறந்து, அயோவாவில் வளர்ந்தவர். நிலம் தேடி மேற்கே மேற்கே போன அப்பாவின் பின்னால் குடும்பமே டகோட்டா வரை போனது. 1884இல் பாஸ்டனுக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். 1887 கோடையில் ஊருக்குத் திரும்பிப் போனபோது, தன் அம்மா இருந்த நிலையைப் பார்த்து உடைந்துபோனார். அந்தக் கோபத்தில் பிறந்த கதைகள் 1891இல் ‘மெயின்-ட்ராவல்டு ரோட்ஸ்’ என்ற தொகுப்பாக வந்தன. முதல் பதிப்பில் ஆறு கதைகள். வாழ்க்கைப் பாதையில் அரை நூற்றாண்டு நடந்தும் உழைப்பும் இல்லாமையும் தவிர எதுவும் கிடைக்காத பெற்றோருக்கு என்று சமர்ப்பணம் எழுதினார்.

‘அண்டர் தி லயன்ஸ் பா’, சிங்கத்தின் பாதத்தின் கீழ், என்ற கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஹாஸ்கின்ஸ் என்ற விவசாயி, கான்சாஸில் வெட்டுக்கிளிகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டதால், மனைவி குழந்தைகளோடு வண்டியில் திரும்பி வருகிறான். பனிபெய்யும் இரவு. கவுன்சில் என்ற நல்ல மனிதர் வீட்டில் சேர்த்துக்கொள்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு வெட்டுக்கிளிகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. பச்சையாக இருந்த எல்லாவற்றையும் தின்றன, கட்டில் கால்மீது ஆறடி நீளத்துக்கு அவை உட்கார்ந்து தாடையை அசைப்பதுபோல் கனவு வரும், கவைக்கோலின் கைப்பிடியைக்கூட அரித்துவிட்டன என்கிறான். மனித வியர்வையின் உப்பு ஊறிய மரத்தை அந்த வெட்டுக்கிளிகள் உண்மையாகவே அரித்தன. பண்ணையில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்த விவரம் இது.

பிறகு பட்லர் என்பவரின் தரிசான பண்ணையைக் குத்தகைக்கு எடுக்கிறான். பிறகு விலைக்கு வாங்கலாம் என்று வாய்ப்பேச்சு. மூன்று வருஷம் அவனும் மனைவியும் இரவும் பகலும் உழைக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையன் பெரிய ஆள்போல வயலில் நிற்கிறான். வேலி, கிணறு, தொழுவம் எல்லாம் எழும்புகிறது. வாங்கலாம் என்று போனால், பட்லர் சொல்கிற விலை 5,500 டாலர். முன்பு சொன்னதைப்போல் இரண்டு மடங்கு! இது என் உழைப்பு, என் பணம் என்று ஹாஸ்கின்ஸ் தடுமாறுகிறான். ஆமாம், ஆனால் நிலம் என்னுடையது, எல்லாரும் செய்வதுதான் என்கிறார் பட்லர். சட்டத்தில் அவர் பக்கம் எந்தக் குறையும் இல்லை.

ஹாஸ்கின்ஸ் கவைக்கோலை ஓங்குகிறான், கொன்றுவிட. அந்த நேரம் தூரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். இரண்டு வயது மகள் வாசல் புல்லில் தத்தித் தத்தி ஓடுகிறாள். கை தளர்கிறது. கிரயப் பத்திரமும் அடமானமும் எழுதிக் கொண்டுவா, இனி என் நிலத்தில் கால் வைக்காதே என்று துரத்திவிட்டுத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். முதல் இரவில் பேச்சோடு பேச்சாக வந்த கருவி, கடைசியில் கைக்குள் வந்து நிற்கிறது. வெட்டுக்கிளி அதன் பிடியைத் தின்றது. பட்லர் அதைப் பிடித்தவனைத் தின்கிறார். கார்லண்ட் இதை எங்கும் விளக்கவில்லை. பத்தாவது முறை படித்தபோதும் எனக்கு அந்த இடத்தில் மூச்சு நின்றது.

ஹார்ட்டின் கதையாக இருந்தால் அந்தக் குழந்தையின் சிரிப்பு பட்லரைத் திருத்தியிருக்கும். இங்கே அது கொலையைத் தடுக்கிறது. விலை 5,500 ஆகவே இருக்கிறது.

பெண்கள் இந்தக் கதைகளில் எங்கே?

சுரங்கக் கதைகளில் பெரும்பாலும் சாவதற்கும் தியாகம் செய்வதற்கும் வருகிறார்கள். பண்ணைக் கதைகளில்தான் வேலை செய்கிறவர்களாக வருகிறார்கள். கார்லண்டின் ‘மிசஸ் ரிப்ளிஸ் ட்ரிப்’ கதையில், வருஷக்கணக்கில் பண்ணையை விட்டு நகராத கிழவி ஒருத்தி, சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஒருமுறை பிறந்த ஊருக்குப் போய்வருவேன் என்று நிற்கிறாள். போகிறாள், வருகிறாள், மறுபடி வேலையைத் தொடங்குகிறாள். வேறு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா மாட்டாரா என்ற அந்தப் பேச்சுவார்த்தை எந்தத் துப்பாக்கிச் சண்டைக்கும் குறைந்ததில்லை.

பெண்களே எழுதியதும் உண்டு. 1839லேயே கரோலின் கர்க்லாண்ட் மிச்சிகன் குடியேற்றத்தின் சேற்றையும் அக்கம்பக்கத்தார் வந்து கடன் கேட்பதையும் அப்படியே எழுதினார். சுரங்கப் பொறியாளரின் மனைவியாக 1876இல் கலிபோர்னியா வந்த மேரி ஹாலக் ஃபூட், தன் கதைகளுக்குத் தானே படமும் வரைந்தார்.

ஸ்டீஃபன் கிரேன் ஒரு சுற்றுப்பயணி. அவரை எப்படி இதில் சேர்ப்பது?

நியூ ஜெர்சியில் பிறந்த கிரேன், 1895இல் ஒரு பத்திரிகைச் செய்தி நிறுவனத்துக்காக நெப்ராஸ்கா, டெக்சாஸ், மெக்சிகோ என்று சுற்றினார். அவர் போனபோது பழைய மேற்கு முடிந்துகொண்டிருந்தது. அதைத்தான் எழுதினார். 1898இல் வந்த ‘தி பிரைடு கம்ஸ் டு யெல்லோ ஸ்கை’ கதையில், ஊரின் காவல் அதிகாரியான மார்ஷல் ஜாக் பாட்டர் கல்யாணம் செய்துகொண்டு புதுமனைவியோடு ரயிலில் வருகிறார். ஊரில் ஸ்க்ராட்சி வில்சன் குடித்துவிட்டு இரண்டு துப்பாக்கியோடு சண்டைக்கு ஆள் தேடுகிறான். அவனுடைய சட்டையைப் பாருங்கள் என்பேன். மெரூன் நிற ஃபிளானல் சட்டை, நியூயார்க்கின் ஈஸ்ட் சைடில் யூதப் பெண்கள் தைத்தது என்கிறார் கிரேன். காலணி, நியூ இங்கிலாந்துச் சிறுவர்கள் பனிச்சறுக்குக்கு ஆசைப்படும் வகையிலானது. மேற்கின் முரடன் போட்டிருப்பதெல்லாம் கிழக்கிலிருந்து வந்த சரக்கு!

துப்பாக்கி இல்லை, கல்யாணம் ஆகிவிட்டது என்று பாட்டர் சொன்னதும் வில்சனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சரி, இனி எல்லாம் முடிந்தது என்று காலை இழுத்துக்கொண்டு மணலில் நடந்து போகிறான்.

அதே வருஷம் வந்த ‘தி ப்ளூ ஹோட்டல்’ இன்னும் இருட்டானது. நெப்ராஸ்காவின் ஒரு சின்ன ஊர் விடுதிக்கு வரும் சுவீடன்காரன், மலிவுவிலைக் கதைப்புத்தகங்களின் மேற்கை நம்பி, தன்னை இங்கே கொன்றுவிடுவார்கள் என்று முதலிலேயே நடுங்குகிறான். அந்தப் பயம், பிறகு குடி, பிறகு அகங்காரம் என்று வளர்ந்து, கடைசியில் உண்மையாகவே கொல்லப்படுகிறான். எல்லைப்புறக் கதைகளே ஓர் ஆளைக் கொல்லும் எல்லைப்புறக் கதை.

பூர்வகுடிகளும் சீனர்களும் இந்த யதார்த்தத்தில் இருக்கிறார்களா?

மிகக் குறைவு. இதுதான் இந்த எழுத்தின் பெரிய குறை. தங்கம் கிடைத்தபோது கலிபோர்னியாவில் சுமார் 1,50,000 பூர்வகுடி மக்கள் இருந்தார்கள். 1870 வாக்கில் சுமார் 30,000 பேர்தான் மிச்சம். நோய், பசி, நேரடிக் கொலை எல்லாம் காரணம். சுரங்க முகாம் கதைகளைப் படித்துக்கொண்டே போனால் இப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது.

ஹார்ட்டுக்குத் தெரியும். 1860 பிப்ரவரியில் யுரேகா ஊருக்குப் பக்கத்துத் தீவில் வியோட் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தூக்கத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் உதவியாளராக இருந்த ஹார்ட், ஆசிரியர் ஊரில் இல்லாத நேரத்தில் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். மிரட்டல் வந்தது, ஒரு மாதத்தில் ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. 23 வயதில் அவ்வளவு துணிச்சலாகத் தலையங்கம் எழுதியவர், தன் புகழ்பெற்ற கதைகளில் அதைத் தொடவில்லை. எனக்கு இது தீராத வருத்தம்.

சீனர்கள் விஷயம் வேறு மாதிரி. 1870இல் அவர் எழுதிய ஒரு கிண்டல் கவிதை, சீனர்களை ஏமாற்றப் பார்க்கும் வெள்ளையரைக் குத்துவதற்காக எழுதப்பட்டது. சீனர்களை வெறுத்தவர்களே அதை எடுத்துக்கொண்டு மேடைதோறும் பாடினார்கள். 1874இல் ‘வான் லீ, தி பேகன்’ கதையில், சான் ஃபிரான்சிஸ்கோ தெருவில் ஒரு சீனச் சிறுவனைக் கிறிஸ்தவப் பள்ளிப் பிள்ளைகள் கல்லால் அடித்துக் கொல்வதை நேராகவே எழுதினார். கதையால் காலம் மாறவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் வருவதையே தடைசெய்யும் சட்டம் வந்தது.

மறுபக்கத்திலிருந்து பேசிய குரல் கேட்க வேண்டுமானால், யாங்க்டன் பூர்வகுடி மக்களில் பிறந்த ஸிட்காலா-ஷா இருக்கிறார். 1901இல் வந்த ‘தி சாஃப்ட்-ஹார்ட்டட் சூ’ கதையில், மிஷன் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பிய இளைஞனுக்கு வேட்டையாடத் தெரியவில்லை. அப்பா பசியில் கிடக்கிறார். அவன் வெள்ளைக்காரர் மந்தையில் ஒரு மாட்டைக் கொன்று, துரத்தி வந்தவனையும் கொன்று, இறைச்சியோடு ஓடி வரும்போது அப்பா இறந்து கிடக்கிறார். தூக்குக்குக் காத்திருக்கும் அவனே கதையைச் சொல்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டை ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்? எங்கே கிடைக்கும்?

இங்கே சொன்ன கதைகள் எல்லாமே காப்புரிமை முடிந்தவை. பெரும்பாலானவை பிராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் ‘யெல்லோ ஸ்கை’. சின்னது, மொழியும் சுலபம். அப்புறம் ‘போக்கர் ஃப்ளாட்’. தவளைக் கதையை யாராவது பக்கத்தில் இருக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள். ‘சிங்கத்தின் பாத’த்துக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள்; படிக்க அரைமணி நேரம் போதும், ஆனால் முடித்த உடனே அடுத்த கதைக்குப் போக முடியாது. அது ஆறியபிறகு ஸிட்காலா-ஷாவை எடுத்துக்கொள்ளுங்கள்.